ஒற்றைச் சக்கரத்தில் மணியை எங்கே கட்டுவது? மூன்றரை வருட அனுபவம்

மின் யூனிசைக்கிள் (ஒரே சக்கரம், அதன் இரு பக்கமும் கால் வைத்து நின்றபடி, உடம்பைச் சாய்த்து ஓட்டுகிற மின்வண்டி) வாங்க நினைப்பவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். எவ்வளவு வேகம் போகும், ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர், விழுவோமா. விழுவீர்கள், அதைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுத வந்தது யாரும் கேட்காத ஒரு விஷயம். முன்னால் நடந்து போகிறவரிடம் "பின்னால் ஆள் வருகிறது" என்று எப்படிச் சொல்வது? சைக்கிளில் இது ஒரு கேள்வியே இல்லை, கட்டைவிரலுக்குப் பக்கத்திலேயே மணி இருக்கும். இதில் ஹேண்டில்பாரே கிடையாதே.

நான் இருப்பது ஆஸ்திரேலியாவில், பிரிஸ்பேனில். 2022 பிப்ரவரி வெள்ளம் வடிந்து, பாதைகளில் சேறு வாரி முடித்த பிறகு, அந்த ஏப்ரலில் வண்டி எடுத்தேன். இன்மோஷன் வி11. 18 அங்குலச் சக்கரம், 27 கிலோ எடை, சஸ்பென்ஷன் உண்டு. வேலைக்குப் போகவர கெட்ரான் புரூக் ஓடையை ஒட்டிய பாதையில் 14 கிலோமீட்டர். இதுவரை 9,000 கிலோமீட்டர் தாண்டிவிட்டது. பாதையின் பெயரில் 'பைக்வே' என்று இருக்கிறதே தவிர, அதில் எல்லாரும் உண்டு. நாயோடு வருகிறவர்கள், குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து ஓடுகிற அம்மாக்கள், கலிங்கா பூங்காப் பக்கம் வந்தால் கூட்டமாக நடக்கும் பெரியவர்கள். (கலிங்கா என்றதும் எனக்குப் போர்தான் ஞாபகம் வரும். அந்தப் பூங்காவில் இருப்பவை வாத்துகள்.)

இந்த வண்டிக்கு ஒரு தனிப் பிரச்சினை உண்டு. சத்தமே போடாது. சைக்கிளுக்காவது பெடல் மிதிக்காதபோது பின்சக்கரம் கிரிகிரி என்று சத்தம் போடும். இதில் பக்கத்தில் வந்த பிறகுதான் மெல்லிய உறுமல் ஒன்று கேட்கும். போதாததற்கு ஓட்டுகிறவன் நின்றபடி வருகிறான், கால் அசையவில்லை, தரையிலிருந்து ஒரு ஜாண் உயரம் கூடுதல். சட்டென்று திரும்பிப் பார்க்கிறவருக்கு முதல் நொடியில் இது என்ன என்றே பிடிபடாது. அந்த ஒரு நொடி முகத்தை நான் நூறு தடவையாவது பார்த்திருப்பேன். யாரையும் இடித்ததில்லை. ஆனால் ஒருவரை அப்படித் திடுக்கிட வைப்பதும் தப்புதான் என்று உறைக்க எனக்குக் கொஞ்ச காலம் ஆயிற்று.

முதலில் வாங்கியது ஒரு மின்சார ஹாரன். தோள்பையின் பட்டையில் மாட்டிக்கொள்ளலாம், பட்டன் கைக்கு எட்டும். கடைக்காரர் சத்தத்தை டெசிபலில் சொல்லி விற்றார். இரண்டாவது நாளே ஒரு பெரியவர் அதைக் கேட்டுப் புல்வெளிக்குள் தாவினார். லாரி ரிவர்ஸ் எடுக்கும்போது வருமே, அந்த வகைச் சத்தம். அதைக் கழற்றி வைத்ததுதான், அப்புறம் தொடவில்லை. நம் ஊரில் லாரிக்குப் பின்னால் 'ஒலி எழுப்பவும்' என்று எழுதியே வைத்திருப்பார்கள். அங்கே ஹாரன் என்பது பேச்சு. இங்கே அது திட்டு. ஒரே சத்தத்துக்கு இரண்டு ஊரில் இரண்டு அர்த்தம்.

அடுத்து ஊரிலிருந்து வந்த ஒரு கன்றுக்குட்டி மணி. கொலுப் பெட்டியில் சும்மா கிடந்ததை எடுத்துத் தோள்பையில் தொங்கவிட்டேன். கலகலவென்று தொடர்ந்து ஒலித்தால், தூரத்திலிருந்தே மெல்லக் காதில் விழுமே, யாரும் திடுக்கிட மாட்டார்களே என்பது கணக்கு. கணக்கு சரிதான். மணிச் சத்தம் கேட்டுத் திரும்பியவர்கள் சிரித்தார்கள், ஒரு குழந்தை "மாடு!" என்று தேடிற்று. ஆனால் நான் மறந்தது சஸ்பென்ஷனை. வழவழவென்ற கான்கிரீட்டில் இந்த வண்டி குலுங்குவதே இல்லை. குலுங்காமல் மணி எப்படி அடிக்கும்? மரப்பலகைப் பாலம் வந்தால் ஆடித் தீர்க்கும், சமதரையில் மௌனம். ஆள் வரும்போதெல்லாம் நானே தோளைக் குலுக்கிக்கொண்டு போனேன். தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு இவனுக்கு ஏதோ வலிப்பு என்று தோன்றியிருக்கும்.

மூன்றாவது, சாதாரண சைக்கிள் மணி. ஒரு துண்டு பிவிசி குழாயை இடது மணிக்கட்டுக் காப்பின் மேல் கட்டி, அதில் மணியை முடுக்கினேன். சத்தம் அருமை. சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. இடது கையில் உள்ள மணியை வலது கையால்தான் தட்ட வேண்டும். இந்த வண்டியில் இரண்டு கைகளும் தராசுத் தட்டு மாதிரி. ஒன்றை உடம்புக்குக் குறுக்கே கொண்டுபோனால் வண்டியும் அந்தப் பக்கம் வளையும். எந்த நேரத்தில் வண்டி நேராகப் போக வேண்டுமோ சரியாக அந்த நேரத்தில் ஆடும். ஒரு மாதத்தில் விட்டுவிட்டேன்.

இப்போது இருப்பது விரலில் மோதிரம்போல் மாட்டுகிற சின்னப் பித்தளை மணி. ஆள்காட்டி விரலில் மணி, கட்டைவிரலால் சுண்டினால் போதும், கை இருந்த இடத்திலேயே இருக்கும். ஒரே ஒரு விஷயம், கையுறைத் துணி கிண்ணத்தில் பட்டால் 'டிங்' என்பதற்குப் பதில் 'டொக்' என்று வரும். அதற்காகக் கையுறையின் அந்த விரலை மட்டும் பாதியில் வெட்டிவிட்டேன். முதலில் வாங்கியது இரும்பு, வியர்வையிலும் மழையிலும் எட்டே மாதத்தில் துருப்பிடித்தது. பித்தளை வாங்குங்கள்.

கருவி விஷயம் இவ்வளவுதான். இதோடு பிரச்சினை தீர்ந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

வாயால் சொல்வதையும் பார்த்தேன். இங்கே வழக்கமாகச் சொல்வது "பாஸிங் ஆன் யுவர் ரைட்". இடப்பக்கம் ஒதுங்கிப் போவதும் வலப்பக்கமாக முந்துவதும்தான் விதி, அதனால் அர்த்தம் சரி. ஆனால் யோசனையில் நடந்துகொண்டிருப்பவர் காதில் விழுவது கடைசி வார்த்தை மட்டும்தான். "ரைட்" என்று கேட்டதும் வலப்பக்கம் நகர்கிறார், நேராக என் முன்னால். பத்துப் பேரில் இரண்டு மூன்று பேராவது இப்படிச் செய்வார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. பின்னால் இருந்து யாரோ ஒரு திசையைச் சொன்னால் கால் அந்தத் திசைக்குத்தானே போகும்.

2023-ல் அம்மா மூன்று மாதம் இங்கே வந்து இருந்தார். ஒரு நாள் மாலை அதே பாதையில் இருவரும் நடந்துகொண்டிருந்தோம். பின்னால் டிங் டிங் டிங். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, புடவையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தவித்து, கடைசியில் நடுவிலேயே நின்றுவிட்டார். சைக்கிள்காரர் சிரமப்பட்டுச் சுற்றிப் போனார். தப்பு எதுவும் செய்யவில்லை அவர், மணியெல்லாம் முறைப்படிதான் அடித்தார்.

"மணி அடிச்சா நான் என்னடா பண்ணணும்?" என்றார் அம்மா.

"ஒண்ணும் பண்ண வேண்டாம்மா. அப்படியே நடந்துகிட்டே இருக்கணும்."

"அப்போ எதுக்கு அடிக்கிறான்?"

எனக்குப் பதில் வரவில்லை. அதுநாள்வரை 'நகரு' என்ற அர்த்தத்தில்தான் நானும் மணி அடித்துக்கொண்டிருந்தேன். நடக்கிறவருக்கு வழிவிட வேண்டியது நான். சட்டமும் அதைத்தான் சொல்கிறது. அவர் நகர வேண்டிய அவசியமே இல்லை. நான் வருவது தெரிந்தால் போதும். "வரேன்னு சொல்லிட்டு வந்தா பயமா இருக்காது" என்று அம்மா வீட்டுக்கு வந்து இன்னொரு தடவை சொன்னார்.

அதற்கு ஒரு மாதம் கழித்து இன்னொன்று நடந்தது. முன்னால் ஒரு பெரியவர், நீளும் கயிற்றில் ஒரு நாய். ஒரு தடவை மணி அடித்தேன். திரும்பவில்லை. இரண்டு, மூன்று. ஐந்தாவது தடவை சுண்டியபோது விரலில் கோபம் இருந்தது எனக்கே தெரிந்தது. பக்கத்தில் போய் வேகத்தைக் குறைத்தபோதுதான் அவர் என்னைப் பார்த்தார். வலது காதைத் தொட்டுக் காட்டி, இந்தப் பக்கம் சுத்தமாகக் கேட்காது என்றார். மன்னிப்புக் கேட்டவர் அவர்! நான் எங்கே முகத்தை வைத்துக்கொள்வது?

அன்றிலிருந்து ஒரு தடவைதான் மணி. கேட்கவில்லை என்றால் இரண்டாவது மணி கிடையாது, நடை வேகத்துக்கு இறங்கிவிடுவேன். கேட்காததற்கு ஆயிரம் காரணம் இருக்கும். இப்போது பாதிப் பேர் காதில் இரைச்சல் அடக்கும் இயர்பட்ஸ் வேறு.

சொல்வது எளிது. மரியாதையாக ஓட்ட முடியாமல் பண்ணுவது மனசு இல்லை, கால்தான். புதிதாக ஓட்டுகிறவருக்கு இந்த வண்டி 15 கிலோமீட்டர் வேகத்தில் அம்புபோல நேராகப் போகும். நாலு கிலோமீட்டரில் தள்ளாடும். வேகம் குறையக் குறைய இடுப்பைத் திருகித் திருகித்தான் நேராக நிற்க வைக்க வேண்டும். அதனால் அவர் வேகத்தைக் குறைக்க மாட்டார், மணியை மட்டும் அடித்துக்கொண்டே வருவார். பார்ப்பவர் திமிர் என்று நினைப்பார். உண்மையில் அது பயம். நானும் அப்படித்தான் இருந்தேன்.

இதற்கென்றே ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சி வைத்துக்கொண்டேன். காலியான கார் பார்க்கிங்கில் மனைவி நடப்பாள், மூன்று மீட்டர் பின்னால் அதே வேகத்தில் நான். அவள் நின்றால் நான் எட்டுப் போட்டுக்கொண்டே காத்திருக்க வேண்டும். முதல் வாரம் கோழி இறக்கை அடிப்பதுபோல் கைகளை அடித்தேன். நாலு மாதம் பிடித்தது. மூன்றரை வருடத்தில் நான் கற்றதில் உருப்படியானது இதுதான் என்பேன். புதிதாக வாங்குகிறவர்கள் வேகமாக ஓட்டப் பழகுவதற்கு முன்னால் இதைப் பழகுங்கள்.

வேகக் கட்டுப்பாடு பற்றியும் சொல்ல வேண்டும். 2022 நவம்பர் 1 முதல் எங்கள் மாநிலமான குயின்ஸ்லாந்தில் இந்த வகை வண்டிகளுக்கு நடைபாதையிலும், நடப்பவர்களும் சைக்கிள்களும் சேர்ந்து போகும் பகிர்வுப் பாதையிலும், வேறு வேகம் குறித்த பலகை இல்லாவிட்டால், மணிக்கு 12 கிலோமீட்டர்தான் என்று கொண்டுவந்தார்கள். அதுவரை 25. எனக்கு அப்போது பெரிய எரிச்சல். அப்புறம் ஒரு நாள் கணக்குப் போட்டேன். நடப்பவர் வேகம் 5 என்று வையுங்கள். 15 மீட்டர் பின்னால் மணி அடித்தால், 12-ல் வரும்போது அவரை எட்ட ஏறக்குறைய 8 வினாடி ஆகும். 25-ல் வந்தால் 3 வினாடிகூட இல்லை. மணி கேட்டு, என்ன என்று யோசித்து, திரும்பிப் பார்த்து, நாயின் கயிற்றை இழுத்துப் பிடிக்க 3 வினாடி எப்படிப் போதும்? எனக்கு இருந்த எரிச்சல் பாதியாவது குறைந்தது. மீதிப் பாதி ஆளே இல்லாத நீளமான பகுதிகளில் இன்னும் வருகிறது, பொய் சொல்லமாட்டேன்.

நாய் விஷயத்தில் மணியை நம்பாதீர்கள். மணி கேட்டால் நாய்தான் முதலில் திரும்பும், சில சமயம் குறுக்கே ஓடிவரும். நீளும் கயிறு மெல்லியது, சாயங்கால வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. நாய் பாதையின் ஒரு ஓரத்திலும் ஆள் மறு ஓரத்திலும் இருந்தால், நடுவில் கயிறு இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு இறங்கிவிடுவேன். ஆம், இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு. சின்னக் குழந்தைகள் இருந்தாலும் அப்படித்தான். குழந்தை எந்தப் பக்கம் ஓடும் என்று அதன் அம்மாவுக்கே தெரியாது. அக்டோபரில் ஜகரண்டாப் பூ கொட்டிக் கிடக்கும், மழை பெய்தால் வழவழ. அப்போது கடைசி நேரத்தில் பின்னால் சாய்ந்து நிறுத்திக்கொள்ளலாம் என்ற எண்ணமே வேண்டாம்.

இருட்டில் மணியைவிட விளக்கு நல்லது. ஜூன் மாதம் இங்கே மாலை ஐந்து மணிக்கே சூரியன் போய்விடும். முன்விளக்கைத் தரையைப் பார்த்துச் சாய்த்து வைத்தால், நடப்பவரின் காலடியில் அவருடைய நிழல் மெல்ல நீளும். திடுக்கிடாமல் தானாகவே ஓரம் வருவார். மேலே தூக்கி வைத்தால் எதிரே வருகிறவர் கண் கூசித் திட்டுவார், நியாயமான திட்டு.

இப்போது என் வழக்கம்: தூரத்திலேயே வேகம் குறைப்பது, ஒரு டிங், கொஞ்சம் நெருங்கியதும் "குட் மார்னிங்". அதில் இடமும் இல்லை வலமும் இல்லை, யாரும் எங்கும் தாவுவதில்லை; பெரும்பாலும் பதில் வணக்கம் வரும். தாண்டும்போது ஒரு "தேங்க்யூ". சாயங்காலம் பழக்கதோஷத்தில் ஒரு நாள் "குட் மார்னிங்" சொல்லித் தொலைத்தேன், அந்தப் பெண்மணி சிரித்த சிரிப்பு பாலம் வரைக்கும் கேட்டது.

காது கேட்காத அந்தப் பெரியவரை வாரத்துக்கு இரண்டு தடவையாவது பார்க்கிறேன். அவருக்கு மணி அடிப்பதில்லை. இடப்பக்கம் கேட்கும் என்பதால் அந்தப் பக்கமாக, அவருக்குச் சமமாக வரும்வரை மெதுவாக வந்து பேசுவேன். விதிப்படி அது முந்துகிற பக்கம் இல்லைதான், ஆனால் நான் முந்துவதில்லையே. கொஞ்ச தூரம் கூடவே போகிறேன். நாயின் பெயர் பிஸ்கட். போன வாரம் விரல் மணியின் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது, சுண்டாமலே கிணுகிணு என்கிறது. புதிது வாங்கலாமா என்று கேட்டதற்கு, "அப்படியே விடுங்க, கன்னுக்குட்டி மாதிரி இருக்கு" என்றாள் மனைவி.