உப்பங்கழி ஓரம் பண்ணை மனை வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு: "500 மீட்டர் தாண்டியாச்சு சார்" என்ற பேச்சை நம்பாதீர்கள்

கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் உப்பங்கழியை ஒட்டிப் பண்ணை மனை விற்பதாக விளம்பரம் பார்த்திருந்தால், அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். அண்ணனும் நானும் சேர்ந்து அப்படி ஒரு 25 சென்ட் வாங்கினோம். பட்டா எங்கள் பெயருக்கு மாறிவிட்டது. பத்திரம் சுத்தம். வில்லங்கச் சான்றிலும் ஒன்றும் இல்லை. வக்கீல் பார்த்து ஒப்பினியன் கொடுத்த பிறகுதான் பணம் கட்டினோம். ஆனால் அந்த இடத்தில் ஒரு வீடு கட்ட முடியாது. விற்ற புரமோட்டருக்கு இது தெரியும். தெரிந்தே, சட்டத்தில் இருக்கிற வார்த்தைகளையும் எண்களையும் தனக்கு வேண்டிய பக்கம் திருப்பித் திருப்பிச் சொல்லி விற்றார். அதே பேச்சு இன்னும் பல இடங்களில் ஓடுவதால், அவர் என்னென்ன சொன்னார், சட்டத்தில் உண்மையில் என்ன இருக்கிறது என்று எழுதுகிறேன்.

முதலில் சொன்னது இது: "கடல் இங்கேருந்து 600 மீட்டருக்கு மேல இருக்கு சார். சி.ஆர்.இசட் 500 மீட்டர்தான். நீங்க அதுக்கு வெளியே." சி.ஆர்.இசட் என்பது கட்டுமானத்துக்குக் கட்டுப்பாடு உள்ள கடலோர ஒழுங்குமுறை மண்டலம். போனில் மேப்பைத் திறந்து அளந்தும் காட்டினார். அந்த அளவில் பொய் இல்லை. சொல்லாமல் விட்டதில்தான் மோசடி இருந்தது.

1986-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை முதலில் 1991 பிப்ரவரி 19 அன்று வந்தது. பிறகு 2011 ஜனவரியிலும் 2019 ஜனவரியிலும் புதிதாக வெளியிட்டார்கள். திறந்த கடலோரமாக இருந்தால் 500 மீட்டர் என்பது சரி. ஆனால் மண்டலம் கடலோடு முடிவதில்லை. கடல் தண்ணீர் ஏறி இறங்குகிற ஆறு, முகத்துவாரம், ஓடை, உப்பங்கழி எல்லாவற்றின் கரையும் அதற்குள் வரும். அந்தக் கரைகளுக்குத் தனிக் கணக்கு. 2011 அறிவிக்கைப்படி 100 மீட்டர் அல்லது அந்த நீர்நிலையின் அகலம், இரண்டில் எது குறைவோ அது. 2019 அறிவிக்கை அந்த 100-ஐ 50 ஆக்கியது. எங்கள் மனைக்கு எதிரே இருக்கிற கழி 100 மீட்டரைவிட நன்றாகவே அகலம். அதன் அழகைக் காட்டித்தான் மனையையே விற்றார்கள். ஆனால் சி.ஆர்.இசட் பேச்சு வந்தபோது மட்டும் அந்தக் கழி காணாமல் போய்விட்டது.

அண்ணன் விடவில்லை, நேராகவே கேட்டார். "அது ஏரி மாதிரிதான் சார். வேணும்னா தண்ணியை வாயில வச்சுப் பாருங்க, உப்பே தெரியாது." அப்போது வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த நேரம். மழைத் தண்ணீர் நிறைந்து கிடந்தது, உண்மையிலேயே உப்பு அவ்வளவாகத் தெரியவில்லை. ஆனால் அறிவிக்கை என்ன சொல்கிறது என்றால், ஆண்டிலேயே மிக வறண்ட காலத்தில் அளக்கும்போது ஆயிரத்துக்கு 5 பங்கு உப்பு எதுவரை இருக்கிறதோ அதுவரை கடல் ஓதத்தின் (கடல் தண்ணீர் ஏறி இறங்குவதின்) தாக்கம் உள்ள நீர்நிலை. கடல் தண்ணீரில் ஆயிரத்துக்குச் சுமார் 35 பங்கு உப்பு இருக்கும். அதாவது ஏழில் ஒரு பங்கு உப்பு இருந்தாலே போதும். மழைக்காலத்தில் அளந்து தப்பிக்கக் கூடாது என்றுதான் வறண்ட காலம் என்று குறிப்பிட்டே எழுதியிருக்கிறார்கள். வைகாசியில் போய்ப் பார்த்தால் கரை நெடுக உப்புப் பூத்துக் கிடக்கிறது, எங்கள் எல்லைக் கல் வரைக்கும் உமரிச் செடி படர்ந்திருக்கிறது. உமரி உப்பு மண்ணில் வளர்கிற செடி. தயவுசெய்து இப்படிப்பட்ட இடத்தைக் கோடையில் போய்ப் பாருங்கள். விற்கிறவர்கள் மழை முடிந்ததும் கூட்டிப்போவதற்குக் காரணம் பச்சைப் பசேல் என்று இருப்பது மட்டுமல்ல.

அடுத்து, அளந்த விதம். புரமோட்டரின் ஆள் டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு சேற்றில் இறங்கி, தண்ணீர் நிற்கிற விளிம்பில் வைத்தார். அங்கேயிருந்து எங்கள் மனையின் முன் எல்லைக்கு 90 மீட்டர் சொச்சம் வந்தது. "பாருங்க, 50 மீட்டருக்கு எவ்வளவோ தள்ளி இருக்கீங்க" என்றார். அவர் அளந்தது வத்தத் தண்ணீரில், அதாவது ஓதம் இறங்கிய நேரத்தில். பத்திரம் முடிந்த பிறகு அங்கே வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர்தான் சொன்னார்: "தம்பி, அமாவாசை கழிஞ்சு வந்து பாருங்க. தண்ணி அந்தக் கல்லு வரைக்கும் ஏறும்." அவர் காட்டிய கல் கரையிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி இருந்தது. கிட்டே போய்க் குனிந்து பார்த்தால், அதன் அடியில் ஒரு சாண் உயரத்துக்குக் கொட்டலசு (கல்லில் ஒட்டி வளரும் ஓடுள்ள சிறு கடலுயிர்) ஒட்டியிருக்கிறது. அடிக்கடி கடல் தண்ணீர் வந்து நனைக்காத இடத்தில் கொட்டலசு பிடிக்காது.

சட்டம் அளக்கச் சொல்வது தண்ணீர் விளிம்பிலிருந்து இல்லை. ஹை டைட் லைன் என்கிற உயர் அலைக் கோட்டிலிருந்து. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வருகிற பெரிய ஓதத்தின்போது தண்ணீர் நிலத்தில் எதுவரை ஏறுமோ அந்தக் கோடு. நம் கரையில் ஓதம் ஏறி இறங்குவது சுமார் ஒரு மீட்டர்தான், ஆனால் கழியோர நிலம் தட்டையாக இருப்பதால் அந்த ஒரு மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் கிடைமட்டத்தில் பல பத்து மீட்டர் உள்ளே வந்துவிடும். அதோடு, இந்தக் கோட்டை டேப் பிடித்து யாரும் முடிவு செய்ய முடியாது. மத்திய அரசு அங்கீகரித்த நிறுவனங்கள்தான் குறிக்கலாம். சென்னையில் இருக்கிற தேசிய நிலைத்த கடலோர மேலாண்மை மையம் அதற்கென்றே உள்ளது. அந்த வரைபடத்தில் எங்கள் சர்வே எண்ணைப் பொருத்தி வாங்கியபோது, முன் எல்லை கோட்டிலிருந்து 58 மீட்டர், பின் எல்லை 97 மீட்டர். மொத்த மனையும் 100-க்குள்.

58 என்றால் 50-ஐத் தாண்டிவிட்டதே என்று தோன்றும். புரமோட்டர் இன்றைக்கும் இதையேதான் வாதமாக வைக்கிறார். 2019 அறிவிக்கை வந்தது உண்மை. ஆனால் அதிலேயே எழுதியிருக்கிறது: புதிய விதிப்படி கடலோர மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடம் தயாராகி ஒப்புதல் பெறும்வரை, 2011 விதிப்படியான வரைபடமே செல்லும். நாங்கள் வாங்கிய சமயத்தில் எங்கள் பகுதிக்கு நடப்பில் இருந்தது பழைய வரைபடம். கிராமப் பஞ்சாயத்து என்பதால் மூன்றாம் வகை மண்டலம், அதில் கழிக்கரையின் 100 மீட்டரும் வளர்ச்சி தடைசெய்யப்பட்ட பகுதி. ஏற்கெனவே முறைப்படி கட்டிய வீட்டைப் பழுது பார்க்கலாம். புதிதாக நாங்கள் போய்க் கட்ட முடியாது. அடுத்த வரைபடம் எப்போது வரும், அதில் கோடு எங்கே விழும் என்பதை நம்பிப் பணம் போட வைப்பது விற்பனையில் சேர்த்தியா?

கடலை ஒட்டியே மனை பார்க்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. "இப்போ 200 மீட்டரை 50 ஆக்கிட்டாங்க" என்று சொல்வார்கள். அது எல்லா ஊருக்கும் இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி சதுர கிலோமீட்டருக்கு 2161 பேருக்கு மேல் வசிக்கிற கிராமப் பகுதிக்கு மட்டும்தான், அதுவும் புதிய வரைபடம் ஒப்புதல் ஆன பிறகு. மற்ற கிராமங்களுக்கு 200 மீட்டர் அப்படியே இருக்கிறது.

எனக்கு அதிகம் கோபம் வந்தது அந்தக் கரைச் சுவர் விஷயத்தில்தான். மனை விற்கும்போதே கழியோரம் கருங்கல் அடுக்கி ஒரு தடுப்புச் சுவர் எழுப்பிக்கொண்டிருந்தார்கள். "அணை இருந்தா ஹை டைட் லைன் அணையோட நின்னுடும், சட்டத்துலயே இருக்கு" என்று அச்சடித்த தாளையே நீட்டினார்கள். அப்படி ஒரு விதி இருக்கிறது, படித்தும் பார்த்தோம். ஆனால் அவர்கள் நீட்டிய தாளில் அந்த வரியின் பாதி மட்டும்தான் இருந்தது. 1991 பிப்ரவரி 19-க்கு முன்பு கட்டிய அணைக்கும் மதகுக்கும்தான் அந்தச் சலுகை. போன மாதம் லாரியில் கல் கொட்டிக் கட்டுகிற சுவர் எந்தக் கோட்டையும் நகர்த்தாது. அந்தச் சுவரே விதிமீறல்; அகற்றச் சொல்லி நோட்டீஸ் வந்தபோது புரமோட்டர் பெயரோடு நில உரிமையாளர்களான எங்கள் பெயர்களும் அதில் இருந்தன.

படகுத்துறை வாக்குறுதியும் இதே கதை. "தேசிய நீர்வழி 4 வரப்போகுது, வீட்டு வாசல்ல படகு நிக்கும்" என்று துண்டறிக்கையில் படம் போட்டிருந்தார்கள். காக்கிநாடாவிலிருந்து புதுச்சேரி வரைக்குமான கால்வாய்களும் கழுவெளி ஏரியும் அந்த நீர்வழியில் சேர்ந்தவைதான், பக்கிங்காம் கால்வாயும் அதில் அடக்கம். ஆனால் ஒரு நீர்நிலை படகுப் போக்குவரத்துக்கு உரியது என்று சட்டம் அறிவித்தால், கரையில் மனை வைத்திருப்பவருக்குத் துறை கட்டும் உரிமை வந்துவிடாது. தண்ணீரும் ஓதம் ஏறி இறங்குகிற சேற்று நிலமும் தனியார் பட்டாவில் வராதவை. அவையே தனி வகை மண்டலங்கள். அங்கே ஒரு மரத்தூண் ஊன்றுவதற்கும் முன் அனுமதி வேண்டும்.

கட்டிட வரைபடம் அனுமதி கிடைக்காமல் திரும்பி வந்ததும் புரமோட்டரிடம் நாங்கள் கேட்டதற்கு, "பஞ்சாயத்துல பேசி வாங்கிக்கலாம் சார், எல்லாரும் அப்படித்தான் கட்டுறாங்க" என்றார். கேரளத்தில் மரடு என்ற ஊரில் என்ன நடந்தது என்று அவருக்குச் சொன்னேன். வேம்பநாட்டுக் காயல் ஓரம் உள்ளாட்சி அனுமதியோடுதான் அடுக்குமாடிகள் எழும்பின. விதிமீறல் என்று உச்ச நீதிமன்றம் 2019 மே 8 அன்று இடிக்கச் சொன்னது. 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் நான்கு குடியிருப்பு வளாகங்களையும் வெடிவைத்துத் தகர்த்தார்கள். பத்திரமும் வரி ரசீதும் வைத்திருந்த குடும்பங்களுக்கு இடைக்கால நிவாரணமாக 25 லட்சம் ரூபாய் கொடுக்க உத்தரவானது. அங்கேயும் முன்னால் இருந்தது கடல் இல்லை, காயல்தான். அதற்கு மேல் அவர் என் போனை எடுப்பதில்லை.

ஆகவே வாங்குகிறவர்கள் பட்டா, சிட்டா, வில்லங்கம் பார்த்ததோடு நிற்காதீர்கள். வில்லங்கச் சான்றில் பதிவான பத்திரங்கள் மட்டும்தான் தெரியும், சி.ஆர்.இசட் அதில் வரவே வராது. வக்கீல் ஒப்பினியனும் பெரும்பாலும் உரிமை சரியா என்பதோடு முடிந்துவிடும். நீங்கள் கேட்க வேண்டியது ஒரே தாள்: அங்கீகாரம் பெற்ற நிறுவனம், நடப்பில் உள்ள வரைபடத்தின் மேல் உங்கள் சர்வே எண்ணையும் உட்பிரிவையும் பொருத்தி, உயர் அலைக் கோட்டிலிருந்து தூரத்தைக் குறித்துக் கொடுத்த வரைபடம். விற்பவர் தரவில்லை என்றால் மாவட்டக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்தில் எழுத்து மூலம் கேளுங்கள், அல்லது தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். எந்த ஆண்டு அறிவிக்கைப்படியான வரைபடம் இன்று செல்லுகிறது என்பதையும் அதே மனுவில் கேட்டுவிடுங்கள். பதில் வர நேரமாகும்; "ஆடித் தள்ளுபடி இந்த ஞாயிறோட முடியுது" என்று அவசரப்படுத்தினால் முடியட்டும்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் துண்டறிக்கை, வாட்ஸ்ஆப் செய்தி, லேஅவுட் படம் எதையும் அழிக்காதீர்கள். வெறும் நிலமாக இல்லாமல் சாலை, சுவர், படகுத்துறை என்று வசதிகளோடு மனை விற்றதற்கான ஆதாரம் அவைதான். நுகர்வோர் ஆணையத்தில் நாங்கள் போட்டிருக்கும் வழக்கு அவற்றின் மேல்தான் நிற்கிறது. எங்கள் லேஅவுட்டில் மனை வாங்கிய மற்றவர்களும் இப்போது சேர்ந்திருக்கிறார்கள்.

இப்போது அதே கழியின் எதிர்க்கரையில் "இரண்டாம் கட்டம்" என்று போர்டு வைத்து விற்கிறார்கள். பெயர் வேறு, படம் அதே படம். அங்கே அட்வான்ஸ் கொடுத்தவர்கள், கொடுக்க இருக்கிறவர்கள் யாராக இருந்தாலும் பத்திரத்துக்கு முன்பே எனக்குச் சர்வே எண்ணை அனுப்புங்கள். எங்களிடம் இருக்கிற வரைபடத் தாள் அந்தக் கரையையும் சேர்த்தே காட்டுகிறது, உங்கள் மனை கோட்டுக்கு எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.