மண் வீடு கட்டக் கற்க: வார இறுதி முகாமா, தங்கிப் படிப்பதா, மேஸ்திரியிடம் சித்தாளா?

பெங்களூரு அல்சூரில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு, தேன்கனிக்கோட்டை அருகே குடும்பத்துக்கு மிஞ்சியிருக்கும் முக்கால் ஏக்கரில் இரண்டு அறை கொண்ட மண் வீடு ஒன்றைக் கட்ட வேண்டும் என்று நினைக்கத் தொடங்கி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. கட்டித் தர ஆள் கிடைக்கும்; ஆனால் மழைக்காலம் முடியும்போதெல்லாம் பூச்சைப் பார்த்துச் சரிசெய்ய வேண்டிய வீட்டில், குடியிருப்பவருக்கே வேலை தெரியாவிட்டால் அது நெடுநாள் நிற்காது. அதனால் நானே ஓரளவு கற்றுக்கொள்வது என்று முடிவு செய்தேன். இந்நகரில் இருப்பவருக்கு மூன்று வழிகள் தென்படுகின்றன: புறநகர்ப் பண்ணைகளில் நடக்கும் இரண்டு நாள் முகாம், ஆரோவில், திருவண்ணாமலை போன்ற இடங்களில் தங்கிப் படிப்பது, நகரிலேயே நடக்கும் மண்கல் கட்டுமானம் ஒன்றில் மேஸ்திரியின் கீழ் கையாளாக நிற்பது. மூன்றையும் செய்து பார்த்துவிட்டேன்.

கனகபுரா சாலையிலும் நந்தி மலைப் பக்கத்திலும் நடக்கும் வார இறுதி முகாம்களின் ஓட்டம் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கிறது. சனிக்கிழமை காலை கண்ணாடிப் புட்டியில் மண்ணையும் நீரையும் போட்டுக் குலுக்கி, மணல் அடியிலும் வண்டல் நடுவிலும் களி மேலேயும் படிவதைக் காட்டுவார்கள். பிறகு தார்ப்பாயில் மண்ணும் வைக்கோலும் கொட்டி இருபது பேர் மிதிப்பார்கள். மாலைக்குள் முழங்கால் உயரத்துக்குச் சுவர் எழும்பிவிடும். ஞாயிற்றுக்கிழமை சுண்ணாம்புப் பூச்சு, அதனிடையே தொட்டி உரம், சோப்பு செய்தல், மாடித் தோட்டம் என்று தற்சார்பு வாழ்க்கைக்கான மற்றவையும் வந்து சேரும். விடுப்பு எடுக்க வேண்டியதில்லை, குழந்தைகளையும் அழைத்துச் செல்லலாம், களி மண்ணில் இறங்கக் கூசுகிறவர் அந்தக் கூச்சத்தை ஒரே காலையில் விட்டுவிடலாம். இவை சிறிய பயன்கள் அல்ல.

ஆனால் முகாமில் கற்பிக்கப்படும் வேலைகள் எல்லாமே காலம் எடுப்பவை. முகாமில் இல்லாத ஒரே பொருள் காலம்தான். எண்ணெயும் காரமும் கலந்து ஊற்றிய சோப்பு பயன்பாட்டுக்கு வர நான்கு முதல் ஆறு வாரம் ஆகும், தொட்டி உரம் மக்க இரண்டு மூன்று மாதம் ஆகும். உருண்டை அடுக்கி எழுப்பும் மண் சுவரை ஒரே நாளில் ஒன்றரை அடிக்கு மேல் ஏற்றினால் தன் எடையிலேயே பிதுங்கும் என்பதால், கீழ்ப்பகுதி இறுகும் வரை காத்திருந்துதான் அடுத்த வரிசையை வைக்க வேண்டும். சுண்ணாம்பையும் நீற்றிய உடனே எடுத்துப் பூசிவிட முடியாது. நீற்றிய சுண்ணாம்பை நீருக்கடியில் வாரக்கணக்கில் ஊறவிட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைச் சேர்த்து அரைப்பதே நம் பக்கத்து வழக்கம். முகாமில் இவற்றை முன்கூட்டியே செய்து வைத்திருப்பதால், கல்யாணச் சமையலைப் பந்தியில் உட்கார்ந்து கற்றுக்கொண்டவரின் நிலையில்தான் நாம் வீடு திரும்புகிறோம்.

இதை நான் கண்ணாரக் கண்டேன். நாங்கள் எழுப்பிய சுவர் எப்படி இருக்கிறது என்று பார்க்க மூன்று வாரம் கழித்து அனுமதி கேட்டு அந்தப் பண்ணைக்குப் போனபோது, சுவரின் இடது முனையில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு மேலிருந்து கீழாக ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. களி கூடி, மணலும் வைக்கோலும் குறைந்து, நீரும் தாராளமாக ஊற்றியதன் விளைவு அது. எனக்கு வருத்தம் தந்தது வெடிப்பு அல்ல. அடுத்த அணியினர் அதன் மேல் புதுப் பூச்சுப் பூசி மறைத்துக்கொண்டிருந்தார்கள், அவர்களிடம் அந்த வெடிப்பைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லப்படவில்லை. அந்தச் சுவரில் கற்கத்தக்க பகுதி அதுதான்.

தங்கிப் படிக்கும் வகுப்புகளை ஒரே கூடையில் போடக் கூடாது. 1989-இல் தொடங்கிய ஆரோவில் மண் கட்டுமான நிறுவனம், சிறிதளவு சிமெண்ட் கலந்து எந்திரத்தில் அழுத்தும் மண்கற்களையும், வளைவு, வளைகூரை, குவிமாடம் ஆகியவற்றையும் கணக்கோடு கற்பிக்கும் இடம். திருவண்ணாமலையில் இயங்கும் தன்னல் போன்ற குழுக்களின் போக்கு வேறு. சிமெண்டைத் தவிர்த்து, கையால் உருட்டிய மண், சுடாத பச்சைச் செங்கல், மூங்கில் படல், சுண்ணாம்பு என்று பழைய கொத்தனார்களின் முறைகளைத் திரட்டிக் கொடுப்பது அது. இவற்றில் எது உயர்ந்தது என்று இணையத்தில் நடக்கும் சண்டை எனக்குச் சலிப்பூட்டுகிறது. பலகை முட்டு இல்லாமல் வளைகூரை எழுப்பக் கற்க விரும்புகிறவர் முதல் வகைக்குப் போக வேண்டும், காரணம் கூரையில் கணக்குத் தவறினால் ஆள் மேல் விழும். சுவரும் தரையும் பூச்சும் போதும் என்கிறவருக்கு இரண்டாவது வகை பொருந்தும். ஒரு வாரத்துக்கு மேல் ஒரே இடத்தில் இருப்பதால், திங்களன்று அறுத்த பச்சைச் செங்கலை வியாழனன்று பக்கவாட்டில் திருப்பி நிறுத்தும் வேலையாவது நம் கையால் நடக்கிறது. விடுப்பும் பணமும் கணிசமாகச் செலவாகும் என்பதே குறை.

மூன்றாவது வழியை எந்த விளம்பரமும் சொல்வதில்லை, ஆனால் அதற்குப் பெங்களூருவைப் போல வாய்ப்பான நகரம் குறைவு. இந்திய அறிவியல் நிறுவனத்தில் கிராமப்புறத் தொழில்நுட்பத்துக்கென 1974-இல் தொடங்கிய அஸ்த்ரா பிரிவு கையால் இயக்கும் மண்கல் அழுத்திகளை உருவாக்கியது. இப்பக்கத்துச் செம்மண்ணும் அந்த வேலைக்கு இணங்குகிறது. வீட்டின் அடித்தளத்துக்குத் தோண்டிய மண்ணையே கல்லாக்கிச் சுவர் எழுப்பிய வீடுகள் இங்கே நிறைய உண்டு. அந்தக் களங்களில் பேசப்படும் மொழி பெரும்பாலும் திருவண்ணாமலை, தர்மபுரித் தமிழ்தான். சர்ஜாபூர் சாலைப் பக்கம் அப்படி ஒரு வீடு எழும்புவதைக் கேள்விப்பட்டு, வீட்டுக்காரரிடமும் செங்கத்துக்காரரான மேஸ்திரியிடமும் கேட்டுக்கொண்டு, பன்னிரண்டு சனிக்கிழமைகள் கூலி வாங்காமல் நின்றேன்.

முதல் மூன்று வாரம் மண் சலிப்பதைத் தவிர வேறு வேலை தரவில்லை. நான்காம் வாரம் கலவைக்கு வந்தேன். நூற்றுக்கு ஐந்து முதல் எட்டு பங்கு சிமெண்டை உலர்ந்த மண்ணில் நிறம் ஒன்றாகும் வரை புரட்டி, பிறகு நீர் தெளிக்க வேண்டும். மேஸ்திரி கலவையில் ஒரு பிடி அள்ளி உருட்டி, மார்பு உயரத்திலிருந்து கீழே விட்டார். அது சப்பென்று ஒட்டிக்கொண்டது. “தண்ணி அதிகம் தம்பி. உதிர்ந்து மாவாப் போனா தண்ணி பத்தலைன்னு அர்த்தம். நாலஞ்சு துண்டா உடையணும், அதுதான் பதம்” என்று சொல்லிவிட்டு, நான் கலந்ததை ஓரம் தள்ளச் சொன்னார். நீர் பட்ட கலவையை ஒரு மணி நேரத்துக்குள் அழுத்திக் கல்லாக்கிவிட வேண்டும், இல்லையேல் சிமெண்ட் தன் வேலையை முடித்துக்கொண்டுவிடும் என்பதும், அடுக்கிய கற்களை 28 நாள் ஈரம் காயாமல் மூடி நனைக்க வேண்டும் என்பதும் முகாமிலும் சொன்னவைதான். அங்கே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். இங்கே நனைக்க மறந்த ஓர் அடுக்கின் விளிம்புகள் விரல் பட்டு உதிர்ந்ததைப் பார்த்தேன்.

இதன் குறைகளும் பெரியவை. ஏன் என்று கேட்டால் “அப்படித்தான்” என்ற பதிலே பல நேரம் வரும். அடிபட்டால் கேட்பார் இல்லை. அதைவிட, பெண்களுக்கு இந்த வழி ஏறக்குறைய அடைபட்டே இருக்கிறது: அந்தக் களத்தில் இருபது ஆண்டு அனுபவமுள்ள அக்கா ஒருவர் பாண்டுச் சட்டியைச் சுமந்துகொண்டிருந்தார், கரணை அவர் கைக்கு ஒரு நாளும் வரவில்லை. ஊரில் மண் சுவரையும் தரையையும் காலங்காலமாக மெழுகி வந்தவர்கள் பெண்களே என்பதை நினைத்தால் இது விசித்திரம். முகாமிலும் தங்கும் வகுப்பிலும் கரணை எல்லோருக்கும் கிடைக்கிறது. அந்த ஒரு காரணத்துக்காகவே என் தங்கைக்கு நான் பரிந்துரைத்தது திருவண்ணாமலையைத்தான்.

வீடு கட்டும் எண்ணம் இல்லாமல் மாடித் தோட்டத்தோடு நிற்பவருக்கு வார இறுதி முகாம் போதும். கட்டப் போகிறவர் முகாமைத் தவிர்த்து, களத்தில் சில மாதம் நின்றுவிட்டு, எழுந்த கேள்விகளோடு தங்கும் வகுப்புக்குப் போவதே நல்லது. நான் வரிசையை மாற்றிச் செய்ததால் வகுப்பில் கேட்க எனக்குக் கேள்வியே இருக்கவில்லை. முகாம்தான் வேண்டும் என்றால், பணம் கட்டுமுன், மூன்று மாதத்துக்கு முந்தைய அணி கட்டிய சுவரைக் காட்டச் சொல்லுங்கள். காலத்தையும் பாருங்கள்: பெங்களூருவில் அக்டோபர் வரை மழை பிடித்துக்கொள்கிறது, திருவண்ணாமலையில் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை இருக்கிறது, ஆகவே இரண்டு ஊருக்கும் பொதுவாகக் கல் காய ஏற்றது தை முதல் பங்குனி வரைதான். நான் தேன்கனிக்கோட்டையில் முதல் ஐந்நூறு கல்லை அறுக்க தை பிறப்பதற்காகக் காத்திருக்கிறேன். மேஸ்திரி இரண்டு நாள் வந்து பதம் பார்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.