குஞ்சு வாடிக்கு விறகு அடுப்பு வாங்குவோர் கவனத்துக்கு

மாரியில் கோழிக்குஞ்சு இறக்கத் திட்டமிட்டு, குஞ்சு வளர்க்கும் கொட்டிலான வாடியைச் சூடாக்குவதற்கு இரும்பு விறகு அடுப்பு தேடிக்கொண்டிருக்கும் மட்டக்களப்பு, அம்பாறைப் பண்ணையாளர்களுக்காக இதை எழுதுகிறேன். கடந்த மாரியில் முகநூல் விளம்பரம் ஒன்றைப் பார்த்து நாங்கள் வாங்கிய அடுப்பு, சூடு தரவில்லை என்பதோடு நில்லாமல், வாடிக்குள் நச்சுப் புகையை நிரப்பிக் குஞ்சுகளைக் கொன்றது. காவலுக்குப் படுத்திருந்த என் தம்பி அருந்தப்பில் பிழைத்தான். விற்றவரின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. ஆனால் அதே படத்துடனும் அதே வாசகங்களுடனும் அந்த விளம்பரம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

நம் ஊர் வெக்கைக்கு அடுப்பு வைத்துச் சூடாக்க வேண்டுமா என்று கோழி வளர்க்காதவர்கள் கேட்கக்கூடும். பொரித்து ஒரு நாளான குஞ்சுக்கு முதல் வாரத்தில் 32 முதல் 35 பாகை செல்சியஸ் வரை சூடு வேண்டும். பிறகு வாரத்துக்கு ஏறக்குறைய 3 பாகையாகக் குறைத்துக்கொண்டு போகலாம். மார்கழியில் வாடைக்காற்றும் அடைமழையும் சேரும்போது, படுவான்கரையில் வயலோரம் இருக்கும் கிடுகு வாடிக்குள் இரவில் அந்தச் சூட்டில் குஞ்சு நிற்க வழியில்லை. மின்குமிழ் போதும் என்றால், மழை பலத்தவுடன் கரண்ட் போய்விடுகிறது. 2022 பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததைப் பண்ணைக்காரர் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். எரிவாயுவின் விலையோ குஞ்சின் இலாபத்தைத் தின்றுவிடுகிறது. விறகு மட்டும் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கிறது. ஆகவே அடுப்பைத் தேடியதில் பிழையேதும் இல்லை. விற்றவர் சொன்னதும் கொடுத்ததும் வேறு வேறாக இருந்தன என்பதுதான் முறைப்பாடு.

விளம்பரத்தில் இருந்தவை இவை: 4 மில்லிமீற்றர் தகடு, உள்ளே ஃபயர் பிறிக்ஸ் என்ற சூடு தாங்கும் கல், 6 அங்குலப் புகைக்குழாய், கதவுக்குச் சூடு தாங்கும் கயிற்று அடைப்பு, வந்து பொருத்தித் தருவதும் விலைக்குள் அடக்கம். எங்கள் வாடி பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதற்குச் சிறிய அடுப்பு காணாதா என்று தொலைபேசியில் கேட்டபோது, "அண்ண, பெரிசு எண்டா ஒருக்கா விறகப் போட்டுக் காத்த அடைச்சு விட்டா விடியுமட்டும் காணும்" என்றார். விலை 55,000 ரூபாய்; அதில் பாதியை முற்பணமாக வங்கியில் போடச் சொன்னார், போட்டோம். மீதியை அடுப்பு இறங்கியதும் பொருத்த வந்த பையனின் கையில் கொடுத்தோம். பற்றுச்சீட்டில் "அடுப்பு 1" என்பதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை.

மண்முனைப் பாலத்தால் வந்த சின்ன லொறியிலிருந்து அந்த அடுப்பை அதே பையன் தனியாளாகத் தூக்கி இறக்கினான். இரும்பின் கணக்கு பொய் சொல்லாது: ஒரு சதுர மீற்றர் பரப்பும் 1 மில்லிமீற்றர் தடிப்பும் உள்ள இரும்புத் தகடு ஏறக்குறைய 7.85 கிலோ நிறுக்கும். 4 மில்லிமீற்றர் என்றால் 31 கிலோவுக்கு மேல். இரண்டடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் உள்ள பெட்டியின் மொத்தப் பரப்பு ஒன்றரைச் சதுர மீற்றரைச் சற்றுத் தாண்டும். ஆகச் சொன்ன தடிப்பில் செய்திருந்தால், கல்லும் காலும் சேராமலே பெட்டி மட்டும் 48 கிலோவாவது இருந்திருக்க வேண்டும். நெல் நிறுக்கும் தராசில் பிறகு ஏற்றிப் பார்த்தபோது, கால்களோடு சேர்த்தும் அது 20 கிலோவைத் தொடவில்லை. எண்ணெய்ப் பீப்பாத் தகட்டை வெட்டி ஒட்டி, மேலே தடிப்பாகக் கறுப்புப் பெயின்ற் அடித்திருந்தார்கள். கதவைச் சுற்றி இருந்தது கயிறு அல்ல, பழைய ரியூபில் வெட்டிய றப்பர்ப் பட்டை. முதல் எரிப்பிலேயே அது உருகிச் சொட்டியது. ஃபயர் பிறிக்ஸ் என்று சொன்னது சீமெந்துப் பூச்சாக இருந்தது, அது வெடித்துப் பாளம் பாளமாகச் சாம்பலுக்குள் விழுந்தது.

இவை எல்லாவற்றையும் விட மோசமானது குழாய். அடுப்பின் வாய் 6 அங்குலமாகத்தான் இருந்தது. அதன் மேல் ஒரு குறுக்கியைச் செருகி 3 அங்குலக் கல்வனைஸ் பைப்பை மாட்டி, இரண்டு முழங்கை போட்டுத் திருப்பி, கிழக்குச் சுவரால் வெளியே விட்டு, கூரையின் விளிம்புக்குக் கீழேயே நிறுத்திவிட்டுப் போனான் அந்தப் பையன். விட்டம் பாதியானால் புகை போகும் வழி காற்பங்காகிறது. சூடான புகை பாரம் குறைந்தது என்பதால் மேலே ஏறுகிறது. ஏறும்போது அடுப்புக்குள் புதுக் காற்றை இழுக்கிறது. குழாய் எவ்வளவு நேராகவும் உயரமாகவும் சூடாகவும் இருக்கிறதோ அவ்வளவுக்கு இழுவை இருக்கும். கூரையைத் துளைத்து வெளிவரும் இடத்திலிருந்து மூன்றடியாவது உயரவேண்டும், சுற்றிப் பத்தடிக்குள் இருக்கும் முகடு எதையும் விட இரண்டடியாவது மேலே நிற்கவேண்டும் என்பது குளிர் நாடுகளில் அடுப்புப் பொருத்துபவர்கள் பின்பற்றும் அளவு. எங்கள் குழாயின் வாயோ வாடைக்கு நேரே திறந்து கிடந்தது. காற்று அடிக்க அடிக்கப் புகை திரும்பி உள்ளே வந்தது. கல்வனைஸ் பைப்பின் கெடுதி இன்னொன்று: அதில் பூசியிருக்கும் நாகம் (துத்தநாகம்) 420 பாகையளவில் உருகிவிடும், சூடேறிய நாகத்தின் புகையைச் சுவாசித்தால் காய்ச்சலும் நடுக்கமும் வரும். வெல்டிங் பட்டறையில் வேலை செய்பவருக்கு இது தெரியாத சங்கதி அல்ல.

சம்பவம் நடந்த இரவு மழையும் காற்றும் கடுமையாக இருந்தன. சாரல் அடிக்காமல் வாடியைச் சுற்றிப் படங்கு கட்டியிருந்தது. விற்றவர் சொல்லிக்கொடுத்தபடியே விறகை நிறைய அடுக்கிக் காற்றுவாயை அடைத்துவிட்டுத் தம்பி அங்கேயே படுத்திருக்கிறான். கண் எரியும் அளவுக்குப் புகை இல்லை என்கிறான். சாமத்தில் தலை பிளக்கும் வலியோடு எழுந்து, வாந்தி எடுத்து, கால் தள்ளாடித் தள்ளாடி வெளியே வந்து மழைக்குள் விழுந்திருக்கிறான். ஆசுபத்திரியில் ஒட்சிசன் கொடுத்த பிறகே தெளிந்தான். உள்ளே இருந்த 500 குஞ்சுகளில் பாதிக்கு மேல் செத்துக் கிடந்தன. குளிரில் சாகும் குஞ்சுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் குவிந்து சாகும். சூடு கூடினால் செட்டையை விரித்து, வாயைத் திறந்து ஓரத்துக்கு ஒதுங்கும். இவை உமியின் மேல் அங்கங்கே, படுத்த இடத்திலேயே கிடந்தன. மிருக வைத்தியர் ஒன்றை அறுத்துக் காட்டினார். உள்ளே இரத்தம் செவ்வரத்தம் பூவைப் போலச் சிவந்திருந்தது.

அது காபனோரொட்சைட்டின் வேலை என்று அவர் விளக்கினார். காற்றுப் போதாமல் விறகு கனலும்போது உண்டாகும் இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தில் ஒட்சிசன் ஒட்டவேண்டிய இடத்தில் ஒட்சிசனை விட 200 மடங்குக்கு மேலான பிடியோடு இது ஒட்டிக்கொள்வதால், மூச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே உடல் மூச்சுத்திணறுகிறது. நல்ல இழுவை உள்ள குழாய் இருந்தால் அது வெளியே போயிருக்கும்.

விற்றவரிடம் கேட்டபோது முதலில் விறகு ஈரம் என்றார். ஈர விறகு கெடுதி என்பது உண்மை; வெட்டிய புதிதில் மரத்தின் பாரத்தில் ஏறக்குறையப் பாதி தண்ணீர்தான், அது நூற்றுக்கு 20க்குக் கீழே இறங்கும்வரை காயவேண்டும், இல்லாவிட்டால் சூடு எல்லாம் தண்ணீரை ஆவியாக்குவதிலேயே போய்விடும். ஆனால் நாங்கள் எரித்தது போன வெயிலில் பிளந்து கூரைக்குள் அடுக்கிய சவுக்கும் சிரட்டையும். அதைச் சொன்னதும் படங்கு கட்டியது பிழை என்றார். மாரிக்கு என்று விற்ற அடுப்பை மழைக்குத் திறந்து வைத்த வாடியில் எரிப்பது எப்படி என்று கேட்டதற்கு, "பின்னுக்குப் பார்ப்பம்" என்று வைத்தவர்தான். பிறகு எங்கள் இலக்கத்தைத் தடுத்துவிட்டார். முகநூலில் படங்களோடு நான் இட்ட பின்னூட்டமும் அழிக்கப்பட்டது.

பெரிய அடுப்பே நல்லது என்ற பேச்சை மட்டும் எவரும் நம்பவேண்டாம். சிறிய வாடிக்குள் பெரிய அடுப்பை முழுமையாக எரித்தால் குஞ்சு வேகும்; ஆகவே காற்றை அடைத்துக் கனலவிட வேண்டி வருகிறது, கனலும் விறகுதான் நச்சு வாயுவைக் கூடுதலாக விடுகிறது, குழாயின் உட்பக்கத்தில் தார் போன்ற கரியையும் படியவைக்கிறது. அந்தக் கரி பிறகு குழாய்க்குள்ளேயே தீப்பிடிக்கும். சிறிய அடுப்பில் காய்ந்த விறகைச் சிறிது சிறிதாக, சுவாலை விட்டு எரியும்படி போடுவதே சரியான முறை. இரவில் ஒருவர் எழும்பத்தான் வேண்டும், அதற்கு மாற்று வழி எந்த அடுப்பிலும் இல்லை. கிடுகுக் கூரையும் கம்புச் சுவரும் உள்ளவர்கள் அடுப்புக்கும் எரியக்கூடிய எதற்கும் இடையில் மூன்றடி, ஒற்றைத் தகட்டுக் குழாயைச் சுற்றி ஒன்றரை அடி விடவேண்டும். குழாய் கூரையைத் தாண்டும் இடத்தில் கிடுகை அகல வெட்டித் தகரம் போடாமல் அடுப்பைப் பற்றவைக்கவே கூடாது.

காசு கொடுப்பதற்கு முன் அடுப்பைத் தராசில் ஏற்றுங்கள். கதவுத் துளையின் விளிம்பில் தகட்டின் தடிப்பைக் கலிப்பரால் அளந்து பாருங்கள். விற்பவரின் பட்டறையிலேயே ஒரு மணித்தியாலம் எரித்துக் காட்டச் சொல்லுங்கள். மறுப்பவரிடம் வாங்கவேண்டாம். தடிப்பு, குழாயின் விட்டம், உயரம் எல்லாவற்றையும் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். கேட்டால் பற்றுச்சீட்டுத் தருவது வியாபாரியின் கடமை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். நாங்கள் எழுத்தில் கொடுத்திருக்கிறோம், விளம்பரத்தின் படப்பிரதியையும் வங்கிச் சிட்டையையும் இணைத்து. "அடுப்பு 1" என்ற அந்தச் சீட்டை விட விளம்பரத்தின் பிரதிதான் எங்களுக்குக் கைகொடுக்கிறது. ஆகவே வாங்க நினைக்கும்போதே அதைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இதே அடுப்பை ஏற்கனவே வாங்கிப் பொருத்தியிருப்பவர்கள் இன்று இரவே அதை எரிப்பதை நிறுத்தவேண்டும். மாற்று வழி கிடைக்கும்வரை வேறு வழியில்லை என்றால், குறுக்கியையும் 3 அங்குலப் பைப்பையும் கழற்றிவிட்டு, 6 அங்குலக் கறுப்புத் தகட்டுக் குழாயை முழங்கை இல்லாமல் நேரே முகட்டுக்கு மேலே ஏற்றி, படங்கின் மேல் விளிம்பில் ஒரு சாணாவது இரண்டு பக்கமும் திறந்துவிட்டு, காற்றுவாயை அடைக்காமல் எரியுங்கள். வாடிக்குள் எவரும் படுக்கவேண்டாம்.