மூன்றாம் எண் ஜெர்சி: துணி ஓகே, எண்தான் உரிகிறது

இத்தாலியக் கால்பந்து கிளப் ஏசி மிலானின் சிவப்பு-கறுப்புப் பட்டை ஜெர்சி, பழைய பாணி நகல், முதுகில் 'மால்தீனி 3'. ஆன்லைன் கடை ஒன்றில் வாங்கினேன். துணி நல்ல கனம், காலர் உறுத்தவில்லை. வயிற்றுப் பக்கம் பிடிக்கிறது. அதில் என் தொப்பைக்கும் பங்கு உண்டு.

வாங்கியதே அந்த எண்ணுக்காகத்தான். பாவ்லோ மால்தீனி மிலானுக்கு 902 ஆட்டங்கள் ஆடி 2009-ல் ஓய்வு பெற்றதும், கிளப் 3-ஐ யாருக்கும் தராமல் எடுத்து வைத்துவிட்டது. அவர் மகன் முதல் அணிக்கு வந்தால் மட்டும் போடலாம். இளையவர் டேனியல் 2020-ல் வந்தார். வந்தவர் 3-ஐப் போடவில்லை! எனக்கு அது புத்திசாலித்தனமாகவே பட்டது. அப்பாவும் தாத்தாவும் தடுப்பாட்டக்காரர்கள், இவரோ முன்னால் போய் கோல் தேடுகிறவர். தாத்தா செசாரே 1963-ல் மிலான் கேப்டனாக, கிளப்களுக்கான ஐரோப்பியக் கோப்பையைத் தூக்கினார். சரியாக 40 வருடம் கழித்து பாவ்லோவும் கேப்டனாகத் தூக்கினார். இரண்டு இறுதிப் போட்டிகளும் இங்கிலாந்தில்தான். 2024-ல் டேனியல் இத்தாலி அணிக்கும் ஆடிவிட்டார்.

சரி, சட்டைக்கு வருகிறேன். மூன்றாவது துவைப்பிலேயே 3-ன் வால் உரிந்துவிட்டது. கடைக்குப் படம் அனுப்பினால், "உள்பக்கத்தை வெளியே திருப்பித் துவைக்கணும் சார்" என்று பதில். இதை முதலிலேயே சீட்டில் எழுதி வைத்திருக்கலாம். அம்மா மேலே துணி போட்டு அயர்ன் பண்ணி ஒட்டிக் கொடுத்தார். இப்போதைக்கு நிற்கிறது. ஐந்துக்கு மூன்று.