ஆறு சம்பா பார்த்த செலரி

2020 தை மாதம், காலை ஆறரை மணி. வடுவூர்ப் பக்கம் நெல் வாங்கும் வியாபாரி ஒருவரின் கணக்குப்பிள்ளை போன் செய்தார். "தம்பி, இங்க ஒருத்தர் ஒன்பது டோக்கனோட வந்து நிக்கிறாரு. ஒன்பது லோடுக்கும் இடம் விடுங்கங்கிறாரு. நாம ஒரு லோடுதானே எழுதினோம்?"

எழுதியது ஒன்றுதான். "நாளைக் காலை எடை போட வரவும்" என்ற ஒரே நினைவூட்டல் அவர் போனுக்கு ஒன்பது தடவை போயிருந்தது. அவருக்கு மட்டுமில்லை, அன்றைய பட்டியலில் இருந்த எல்லோருக்கும் அப்படித்தான். பின்னணி வேலைகளை ஓட்டும் செலரி என்ற மென்பொருளோடு எங்கள் உறவு இப்படித்தான் தொடங்கியது.

மன்னார்குடியில் ஒரு மாடி அறையில் நானும் இன்னொரு தம்பியும் உட்கார்ந்து, நெல் வியாபாரிகளுக்கும் அரிசி ஆலைகளுக்கும் கணக்கு மென்பொருள் எழுதித் தருகிறோம். எடை போட்டதும் ரசீது பிடிஎஃப் தயாராக வேண்டும், விவசாயிக்கு எஸ்எம்எஸ் போக வேண்டும், ராத்திரி முதலாளிக்கு அன்றைய அறிக்கை போக வேண்டும். திரையில் ஆளைக் காக்க வைக்காமல் இதையெல்லாம் பின்னணியில் செய்வதற்காக 2019 கடைசியில் செலரியை வைத்தோம். பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதுகிறவர்கள் 2009-இலிருந்து பயன்படுத்தி வரும் கருவி அது. வேலைகளை வரிசையில் வைத்திருப்பது ரெடிஸ் என்ற இன்னொரு மென்பொருள். வாடகைக்கு எடுத்த ஒரு சின்ன சர்வர், இரண்டு கோர், நாலு ஜிபி நினைவகம்.

சாதாரண நாளில் நூற்றைம்பது, இருநூறு ரசீது வரும். சம்பா அறுவடை உச்சத்தில், தையிலும் மாசியிலும், அது நாலாயிரத்தைத் தாண்டும். மழை வரும் என்று வானிலை அறிக்கை சொன்னால் இன்னும் மோசம், எல்லோரும் ஒரே நாளில் நெல்லைக் கொண்டுவந்து கொட்டுவார்கள். வருஷத்தில் பத்து மாதம் எதை எப்படி வைத்தாலும் ஓடிவிடும். தப்பு தெரிவது அந்த இரண்டு மாதத்தில்தான்.

ஒன்பது டோக்கன் விஷயத்துக்கு வருகிறேன். முந்தைய ராத்திரி ஒன்பதரைக்கு வேலையை வரிசையில் போட்டு, "காலை ஆறு மணிக்குச் செய்" என்று நேரம் குறித்திருந்தேன். வொர்க்கர், அதாவது வரிசையில் நிற்கும் வேலையை எடுத்துச் செய்யும் நிரல், அந்த வேலைச் செய்தியை உடனே எடுத்துத் தன்னிடம் வைத்துக்கொண்டு நேரம் வரும்வரை காத்திருக்கும். ரெடிஸோ, எடுத்துப்போன செய்திக்கு ஒரு மணி நேரத்தில் "முடிந்தது" என்று பதில் வராவிட்டால், எடுத்தவன் செத்துவிட்டான் என்று முடிவுகட்டி மறுபடி வரிசையில் விடும். விசிபிலிட்டி டைம்அவுட் என்று இதற்குப் பெயர், இயல்பு அளவு 3600 வினாடி. ராத்திரி முழுக்க மணிக்கு ஒரு பிரதி சேர்ந்து, ஆறு மணிக்கு எல்லாம் ஒன்றாக ஓடின. ஆவணத்தில் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள், படிக்காதது நான். அந்த அளவை நீட்டிவிடுவது ஒரு வழி. நான் அதைச் செய்யவில்லை. நாளைய வேலையை டேட்டாபேஸ் அட்டவணையில் எழுதிவிட்டு, நிமிஷத்துக்கு ஒரு முறை "நேரம் வந்தது எது" என்று பார்த்து அப்போது வரிசையில் போடுகிறேன். இன்றுவரை தொந்தரவு இல்லை.

அதே அறுவடையில் இரண்டாவது அடி. எஸ்எம்எஸ் அனுப்பித் தரும் நிறுவனத்தின் சர்வர் இருபது நிமிஷம் படுத்துவிட்டது. தோற்ற வேலை ஒவ்வொன்றும் மூன்று நிமிஷம் கழித்து மறுபடி முயன்றது, செலரியின் இயல்பு இடைவெளி அதுதான். மூன்று தடவைக்கு மேல் முயலாது என்ற வரம்பை நானே புத்திசாலித்தனமாக எடுத்துவிட்டிருந்தேன், எத்தனை தடவை வேண்டுமானாலும் முயலட்டும் என்று. அங்கே சர்வர் எழுந்து நின்ற நிமிஷத்தில், நிலுவையில் இருந்த ஆயிரத்துச் சொச்சம் செய்தியும் ஒரே மூச்சில் போய் மோதின. அவர்கள் 429 என்ற எண்ணைத் திருப்பினார்கள், "ரொம்ப அனுப்புகிறாய், நிறுத்து" என்று அர்த்தம். நாங்கள் நிறுத்தவில்லை, மூன்று நிமிஷம் கழித்து மறுபடி கூட்டமாகப் போனோம். மதியத்துக்குள் எங்கள் கணக்கையே முடக்கிவிட்டார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபமே இல்லை, நானாக இருந்தாலும் முடக்கியிருப்பேன்.

இதற்கு மருந்து எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒவ்வொரு தோல்விக்கும் இடைவெளியை இரட்டிப்பாக்க வேண்டும், 1, 2, 4, 8 வினாடி என்று, கூடவே கொஞ்சம் தாறுமாறும் கலக்க வேண்டும், எல்லாம் ஒரே நொடியில் கிளம்பாமல் இருக்க. செலரியில் பேக்ஆஃப் என்று ஒரு வரி போட்டால் இரண்டும் வந்துவிடும். ஆனால் அதற்குள் ஒரு குழி இருக்கிறது. பேக்ஆஃபை மட்டும் போட்டுவிட்டு மறுமுயற்சி எண்ணிக்கையை இயல்பான மூன்றிலேயே விட்டால், மொத்தக் காத்திருப்பு அதிகபட்சம் 1+2+4, அதாவது ஏழு வினாடி. ஏழு வினாடியில் எந்த சர்வரும் பிழைத்து எழாது. எண்ணிக்கையைப் பன்னிரண்டாக்கினேன். இடைவெளிக்கு 600 வினாடி என்ற உச்சவரம்பு ஏற்கெனவே இருக்கிறது. எல்லாம் கூட்டினால் முப்பத்தேழு நிமிஷம் வரை தாங்கும், தாறுமாறு கலப்பதால் நடைமுறையில் அதில் பாதி வரும். எங்களுக்கு அது போதும்.

எதை மறுபடி முயலக் கூடாது என்பதை 2021 மார்ச் கற்றுக்கொடுத்தது. முன்கூட்டிப் பதிவு செய்த வார்ப்போடு (டெம்ப்ளேட்) பொருந்தாத எஸ்எம்எஸ்ஸைத் தடுக்கும் விதியை தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் அந்த மாதம் 8-ஆம் தேதி அமலாக்கியபோது, வங்கிகளின் ஓடிபியே நாடு முழுக்கச் சிக்கிக்கொண்டு, ஒரு வாரம் தளர்த்த வேண்டியதாயிற்று. எங்கள் கதை அதில் ஒரு சின்னக் கிளை. பதிவு செய்த வார்ப்பில் "கிலோ" என்று இருந்தது, நிரலில் "கி.கி." என்று இருந்தது. அந்தச் செய்தியைப் பன்னிரண்டு தடவை அனுப்பினாலும் பன்னிரண்டு தடவையும் திரும்பித்தான் வரும். அதற்குப் பிறகு தோல்விகளை இரண்டாகப் பிரித்தேன். 429, 503 (சர்வர் இப்போது தயாரில்லை), இணைப்பு அறுந்தது என்றால் காத்திருந்து முயல்வது. வார்ப்புப் பிழை, தப்பான எண், 400 (அனுப்பியதே தப்பு) என்றால் உடனே ஓரமாக எடுத்து வைப்பது. எந்தப் பிழைக்கு மறுமுயற்சி என்று பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டும். "எந்தப் பிழை வந்தாலும்" என்று எழுதுவது சோம்பேறித்தனம், முதல் வருஷம் நான் எழுதியதும் அதுதான்.

இன்னொரு வகைத் தோல்வி இருக்கிறது, அதுதான் என்னை அதிகம் படுத்தியது. பிழையும் வராது, பதிலும் வராது. பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸ் நூலகத்தில் நாமாகச் சொல்லாவிட்டால் காத்திருப்புக்குக் கெடுவே கிடையாது. ஒரு ராத்திரி எதிர்முனை இணைப்பை ஏற்றுக்கொண்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டது. வொர்க்கர் எல்லாம் உயிரோடுதான் இருந்தன, ஆனால் விடிய விடிய ஒரு வேலையும் நகரவில்லை. கண்காணிப்புத் திரை முழுக்கப் பச்சை. இப்போது இணைக்க 5 வினாடி, பதிலுக்கு 20 வினாடி, அதற்கு மேல் வேலைக்கே 60 வினாடிக் கெடு. வரிசையில் எத்தனை நிற்கிறது என்பதை நான் பார்ப்பதில்லை, முதலில் நிற்பது எவ்வளவு நேரமாக நிற்கிறது என்பதைப் பார்க்கிறேன். பத்து நிமிஷம் தாண்டினால் என் போன் அடிக்கும்.

இனி, ஒரே நேரத்தில் எத்தனை. ஒரு வொர்க்கருக்குள் ஒரே நேரத்தில் ஓடும் கிளை நிரல்களை ஆள் என்கிறேன். செலரி தானாக கோர் எண்ணிக்கைக்குத்தான் ஆள் இறக்கும், எங்களுக்கு இரண்டு. வேலையில் பாதி சும்மா பதிலுக்குக் காத்திருப்பதுதானே என்று பதினாறாக்கினேன். எஸ்எம்எஸ் பறந்தது. மாத அறிக்கை நாளில் பதினாறு ஆளும் ஒரே சமயத்தில் பெரிய பிடிஎஃப்பைத் தூக்க, நாலு ஜிபியும் தீர்ந்து, சர்வரின் இயங்குதளமான லினக்ஸ் தன் பங்குக்கு வொர்க்கரைக் கொன்றது. களத்தில் எத்தனை பேரை இறக்கினாலும் தராசு ஒன்றுதான் என்பது இந்த ஊர்ப் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அதைவிடக் கெட்டது அடுத்து நான் செய்த திருத்தம். வேலை தொலையக் கூடாது என்று, முடிந்த பிறகே "முடிந்தது" சொல்லும் அமைப்பையும், வொர்க்கர் செத்தால் வேலையை வரிசைக்கே திருப்பும் அமைப்பையும் சேர்த்துப் போட்டேன். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஒரு ஆலையின் மூன்று வருஷ அறிக்கை வந்தது, வொர்க்கரைக் கொன்றது, வரிசைக்குத் திரும்பியது, அடுத்த வொர்க்கரைக் கொன்றது. இப்படிக் கொலையால் சாகும் வேலை மறுமுயற்சிக் கணக்கில் ஏறாது, ஆகவே வரம்பும் தடுக்காது. இரண்டாவது அமைப்பை அன்றே எடுத்தேன். முதலாவது இருக்கிறது.

கடைசியில் நிலைத்தது மூன்று தனி வரிசை, ஒவ்வொன்றுக்கும் தனி வொர்க்கர். எஸ்எம்எஸ்ஸுக்கு ஐந்து ஆள், ரசீதுக்கு இரண்டு, அறிக்கைக்கு ஒன்றே ஒன்று. அறிக்கை மெதுவாக வந்தால் முதலாளி காபி குடித்துவிட்டு வரட்டும்.

இதோடு ப்ரீஃபெட்ச் என்ற ஒன்றையும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு ஆளுக்கும் நாலு வேலையை வொர்க்கர் முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளும், இயல்பு அப்படி. பதினாறு ஆள் என்றால் அறுபத்துநாலு. தலைமடைக்காரர் வயல் நிறைந்த பிறகும் மடையைத் திறந்தே வைத்திருக்க, கடைமடையில் நாற்று காய்ந்த கதைதான். சின்ன வேலைகள் ஒரு வொர்க்கரின் மடியில் சிக்கிக் கிடக்கும், பக்கத்து வொர்க்கர் சும்மா இருக்கும். அறிக்கை வரிசையில் அதை ஒன்றாக்கிவிட்டேன்.

"வினாடிக்குப் பத்து" என்று வேக வரம்பு வைப்பதற்கும், "ஒரே நேரத்தில் ஐந்து" என்று ஆள் வரம்பு வைப்பதற்கும் உள்ள வித்தியாசம் எனக்கு ரொம்ப நாள் பிடிபடவில்லை. செலரியின் வேக வரம்பு ஒவ்வொரு வொர்க்கருக்கும் தனித்தனி, மொத்தத்துக்கு அல்ல. இரண்டு வொர்க்கர் ஓடினால் பத்து இருபதாகும், இதில் நான் ஒரு தடவை மாட்டினேன். கணக்கும் இருக்கிறது. பேராசிரியர் ஜான் லிட்டில் 1961-இல் நிரூபித்தது: உள்ளே இருக்கும் எண்ணிக்கை, வரும் வேகத்தை ஆகும் நேரத்தால் பெருக்கியது. வினாடிக்குப் பத்து, ஒவ்வொன்றும் அரை வினாடி என்றால் ஐந்து ஆள் போதும். எதிர்முனை திணறி, ஒவ்வொன்றும் ஐந்து வினாடி ஆனால்? ஆள் வரம்பு மட்டும் இருந்தால் நம் வேகம் தானாகவே வினாடிக்கு ஒன்றாகக் குறையும். வேக வரம்பு மட்டும் வைத்து ஆளை ஏராளமாக விட்டிருந்தால், திணறுகிறவன் தலையில் ஐம்பது இணைப்பைத் தூக்கி வைப்போம். கொள்முதல் நிலையத்தில் லாரி வராத நாளில் மூட்டை அடுக்க இடமில்லாமல் எடையே நின்றுபோகும், பார்த்திருப்பீர்கள். அது நிற்பதுதான் சரி. ஆகவே ஆள் வரம்பையே நம்புகிறேன். ரெடிஸில் பூட்டு போட்டு மொத்தத்துக்கும் ஒரு வரம்பு வைக்கவும் ஒரு சம்பா முழுக்க முயன்றேன். வொர்க்கர் செத்தால் பூட்டு மாட்டிக்கொள்கிறது. பூட்டுக்கு ஆயுள் வைத்தால், வேலை அதைவிட நீளும்போது இரண்டு பேர் உள்ளே நுழைகிறார்கள். விட்டுவிட்டேன்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு வேலை இரண்டு தடவை ஓடத்தான் செய்யும். அதனால் ரசீது எண்ணும் செய்தி வகையும் சேர்ந்து ஒரு தடவைக்கு மேல் பதிவாகாதபடி டேட்டாபேஸிலேயே தடுத்திருக்கிறேன். தமிழில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 70 எழுத்துக் குறிகள்தான், ஆங்கிலத்தில் 160, அதைத் தாண்டினால் பகுதி பகுதியாகப் பிரியும். எங்கள் ரசீதுச் செய்தி எப்படியும் மூன்று பகுதி வரும், இரட்டிப்பானால் ஆறுக்குக் காசு. பணப் பரிமாற்ற வேலைக்கு மட்டும் தானியங்கி மறுமுயற்சியே கிடையாது. பதில் வராவிட்டால் "போனதா?" என்று முதலில் கேட்கும், தெரியாவிட்டால் மனிதர் கையில் வந்து நிற்கும்.

அப்படி ஓரமாக வைத்தவற்றுக்கு ஒரு திரை உண்டு, எங்கள் வட்டாரத்தில் அதன் பெயர் "கிடப்பு". என்ன வேலை, என்ன பிழை, எத்தனை தடவை முயன்றது, பக்கத்தில் "மறுபடி அனுப்பு" பொத்தான். செலரியும் ரெடிஸும் இதைத் தானாகத் தராது, நாமே கட்ட வேண்டும். ஆறு வருஷத்தில் நாங்கள் எழுதியதில் வாடிக்கையாளர் பாராட்டிய ஒரே பின்னணிச் சமாச்சாரம் இதுதான்.

மேட்டூர் திறக்கும் தேதியைப் பார்த்து சர்வர் அளவை முடிவு செய்யும் பழக்கமும் வந்துவிட்டது. 2022-இல் மே 24-க்கே திறந்தார்கள், குறுவைக்கும் பெரிய சர்வர் எடுத்தேன். 2024-இல் ஜூலை 28 வரை இழுத்தது, அந்தக் குறுவைக்கு எடுக்கவில்லை, காசு மிச்சம்.

செலரியை வாங்கலாமா என்று கேட்டால், காசு கொடுத்து வாங்குவதில்லை, ஆனாலும் கேள்வி சரிதான். வேலை வகைகள் பல, வேகம் வேண்டும், ஆவணத்தைப் பொறுமையாகப் படிப்பேன் என்பவர்கள் தயங்காமல் எடுக்கலாம். நாளுக்கு ஐந்நூறு வேலைதான் என்றால் எனக்கென்னவோ போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் அட்டவணை ஒன்றே போதும் என்று படுகிறது. 2016-இல் வந்த 9.5 பதிப்பிலிருந்து, மற்றவர் பூட்டிய பதிவைத் தாண்டி அடுத்ததை எடுக்கும் வசதி அதில் இருக்கிறது. நானே இன்று புதிதாகத் தொடங்கினால் ரசீதை அதில்தான் வைப்பேன், எஸ்எம்எஸ்ஸை மட்டும் செலரிக்கு விடுவேன்.

இந்த மாசியில் உச்ச நாளன்று கிடப்பில் பதினொன்று கிடந்தது. ஒன்பது, போன் எண்ணில் ஒரு இலக்கம் குறைவு. அதே வடுவூர்க் கணக்குப்பிள்ளை காலையில் வந்து உட்கார்ந்து, ஒவ்வொருவராகக் கூப்பிட்டுத் திருத்தி, பொத்தானை அமுக்கிவிட்டு எனக்குப் போன் செய்தார். "ஒன்பதும் போயிருச்சு தம்பி. ஆளுக்கு ஒண்ணுதான்."