யூ-பூட் விமர்சனம்: வீக் ஃபங்ஷனா, கான்ஃபிக்கா?

எண்ணூர், மணலி, திருவொற்றியூர் பக்கம் கன்டெய்னர் யார்டு கேட்டுக்கும் எடை மேடைக்கும் லினக்ஸ் போர்டு செய்து தருபவர்கள் போர்டு ஆன் ஆனதும் லினக்ஸை ஏற்றிவிடும் பூட்லோடரான யூ-பூட்டைத் தாராளமாக எடுக்கலாம். காசில்லை, பீகிள்போன் பிளாக் போர்டிலும் ஓடும், ராக்சிப் சிப் உள்ள போர்டிலும் ஓடும். நம் போர்டுக்கென்று உள்ள வேலையை அதற்குள் நுழைக்கும் இடத்தில்தான் உஷாராக இருக்க வேண்டும். அதற்கு வழி இரண்டு.

முதலாவது வீக் ஃபங்ஷன். பொதுக் கோடில் வெறும் ஃபங்ஷன் ஒன்று வீக் குறியோடு கிடக்கும். அதே பெயரில் நாம் எழுதினால், கம்பைல் ஆன துண்டுகளை ஒன்றாக இணைக்கும் லிங்கர் நம்முடையதை எடுத்துக்கொள்ளும். ராக்சிப்பின் ஆர்கே_போர்டு_லேட்_இனிட் இப்படிப்பட்டது. எழுத வசதி, ஆனால் ஆபத்து. பெயரில் ஒரு அண்டர்ஸ்கோர் விட்டுப்போனாலும் கம்பைல் ஆகும், லிங்க்கும் ஆகும். யாரும் அழைக்காத நம் ஃபங்ஷனை லிங்கர் கழித்துவிடுவதால் பைனரியின் அளவுகூட மாறாது. போர்டு பூட் ஆகும். கேட்டின் பூம் பேரியரை இயக்கும் ரிலேக்கான ஜிபிஐஓ பின் மட்டும் செட் ஆகியிருக்காது. கோளாறு ரிலேயிலா வயரிங்கிலா என்று தேடியே நாள் போய்விடும். வீக் குறியை, ஹெடரில் ஃபங்ஷனை அறிவிக்கும் வரியான புரோட்டோடைப்பில் போட்டால் இன்னும் மோசம்: அந்தப் பெயரில் உள்ள எல்லா ஃபங்ஷனும் வீக் ஆகி, எது ஜெயிக்கும் என்பது லிங்க் வரிசையைப் பொறுத்துப் போகும்.

இரண்டாவது கேகான்ஃபிக்: பில்டில் எது சேர வேண்டும் என்று தெரிவுகளை ஆன், ஆஃப் செய்யும் முறை; யூ-பூட்டின் 2014.10 வெளியீட்டில் வந்தது. போர்டு_லேட்_இனிட் தெரிவை ஆன் செய்துவிட்டு ஃபங்ஷனை எழுத மறந்தால் லிங்கர் பிழை காட்டி நிற்கும். சாமான் யார்டுக்குப் போகும் முன்பே தப்பு மேஜையில் தெரிந்துவிடுகிறது. இந்த ஒன்றுக்காகவே எங்கள் ஓட்டு இதற்கு. இதிலும் குழி உண்டு. போர்டுக்கான தெரிவுகளை எழுதிவைக்கும் டெஃப்கான்ஃபிக் ஃபைலில் தெரிவின் பெயரைத் தப்பாக அடித்தால் சத்தமில்லாமல் தள்ளப்படும். பில்ட் முடிந்ததும் பில்ட் உண்மையில் எடுத்த தெரிவுகள் இருக்கும் டாட் கான்ஃபிக் ஃபைலில் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். யூ-பூட்டுக்கு முன் ஓடி அதை ஏற்றும் சிறு புரோகிராமான எஸ்பிஎல்லுக்குப் பல தெரிவுகள் தனியாக உண்டு. யூ-பூட்டில் ஆன் செய்தது எஸ்பிஎல்லுக்குத் தானாக வராது.

அளவைக் காட்டி வீக் ஃபங்ஷனை ஒதுக்க வேண்டாம். ஏஆர்எம் சிப்பின் சிறிய கட்டளைத் தொகுப்பான தம்ப் பில்டில் வெறும் ஃபங்ஷனுக்கு 4 பைட், அதை அழைக்க 4 பைட். பீகிள்போன் பிளாக்கின் எஸ்பிஎல்லுக்கு 109 கேபி வரை இடம் இருக்கும்போது இது தூசு.

வாட்ச்டாக் (போர்டு உறைந்தால் ரீசெட் செய்வது), ரிலே, பவர் வரிசை போன்று நடந்தே தீர வேண்டியவற்றைக் கான்ஃபிக்கில் கட்டுங்கள். விட்டாலும் கெடாத எல்இடி, ஸ்பிளாஷ் மாதிரியானவற்றுக்கு வீக் போதும். வீக் வைத்தே ஆக வேண்டிய இடத்தில் டபிள்யூ=1 போட்டு மேக் கொடுங்கள்; தப்பான பெயருக்குப் புரோட்டோடைப் இல்லை என்று எச்சரிக்கை வரும். பிறகு பில்டில் கிடைக்கும் யூ-பூட் ஈஎல்எஃப் ஃபைல் மேல், உள்ளே இருக்கும் பெயர்களைப் பட்டியலிடும் என்எம் கட்டளையை ஓட்டி அந்தப் பெயரைத் தேடுங்கள்: பெயருக்கு முன் டி என்றால் நம்முடையது ஏறிவிட்டது, டபிள்யூ என்றால் வெறும் ஃபங்ஷனே இருக்கிறது. டபிள்யூ வந்தால் பில்ட் ஸ்கிரிப்ட் அங்கேயே நிற்கும்படி வையுங்கள்.