அவலோன் ஆவணத் தளம்: நல்ல களஞ்சியம், ஆனால் வழிகாட்டி இல்லை

யேல் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரி நூலகத்தின் அவலோன் தளத்தில், அமெரிக்கக் குடியேற்றங்களின் பட்டயங்களும் உடன்படிக்கைகளும் ஆட்சி ஏற்பாடுகளும் முழு வாசகமாக இருக்கின்றன. கட்டணம் இல்லை, பதிவும் வேண்டாம். பெரும்பாலும் வெறும் எழுத்துப் பக்கங்கள் என்பதால் சாதாரண போனிலும் திறக்கும், போட்டோக்கொப்பிக் கடையில் பிரிண்ட் எடுக்கவும் வசதி. திருகோணமலையில் உயர்தர அரசியல் விஞ்ஞானமோ வரலாறோ படிக்கிறவர்களுக்கும் படிப்பிக்கிறவர்களுக்கும் தாராளமாகப் பரிந்துரைக்கலாம். குறை ஒன்றுதான்: ஆவணத்தைத் தரும், எதை எந்த ஒழுங்கில் வாசிப்பதென்று சொல்லாது.

பலரும் முதலில் திறப்பது 1620இன் மேபிளவர் ஒப்பந்தத்தை. சின்ன ஆவணம், மேபிளவர் கப்பலில் வந்த குடியேறிகள் 41 பேர் ஒப்பமிட்டது. ஆனால் அதில் பதவியும் இல்லை, சபையும் இல்லை. சேர்ந்து சட்டம் இயற்றி அதற்குப் பணிவோம் என்ற உறுதிமொழி மட்டுமே. ஆட்சிமுறை எப்படி வளர்ந்தது என்று பார்க்க வேண்டுமானால் 1629இன் மசாசுசெற்ஸ் பட்டயத்தில் தொடங்குங்கள். அது ஒரு வர்த்தகக் கம்பனிக்கு மன்னர் கொடுத்த பத்திரம். ஒரு தலைவர், ஓர் உபதலைவர், 18 உதவியாளர், ஆண்டுக்கு நான்கு பொதுக்கூட்டம். கூட்டம் எந்த ஊரில் நடக்க வேண்டும் என்று மட்டும் அதில் எழுதப்படவில்லை. அந்த இடைவெளியைப் பயன்படுத்தித்தான் கம்பனித் தலைவர் ஜோன் வின்த்ரோப்பின் குழுவினர் 1630இல் பட்டயத்தையே கையோடு கொண்டு கடல் கடந்தார்கள். பங்காளர் கூட்டம் சட்டசபையாயிற்று, கம்பனித் தலைவர் தேசாதிபதியானார். ஒல்லாந்தர் போனபின் மதராஸிலிருந்து கிழக்கிந்தியக் கம்பனி ஆண்ட சில ஆண்டுகளை அறிந்த நம் ஊர் வாசகருக்கு இது விளங்காத விஷயமல்ல.

அடுத்த சிக்கல் சொற்கள். நல்ல ஆங்கிலம் தெரிந்தவர்களும் வழுக்கி விழும் இடம் இது. ‘ஜெனரல் கோர்ட்’ என்று வந்தால் நீதிமன்றம் என்று எழுதிவிடாதீர்கள். வழக்கும் விசாரித்தது என்றாலும் அது சட்டமியற்றும் சபை. ‘பிளான்டேஷன்’ என்றதும் நமக்குத் தேயிலைத் தோட்டம்தான் கண்ணில் வரும். இந்த ஆவணங்களில் பெரும்பாலும் புதிய குடியிருப்பு என்றே பொருள். ‘ஃப்ரீமன்’ விடுதலை பெற்ற அடிமை அல்ல, வாக்குரிமை பெற்ற உறுப்பினர். மசாசுசெற்ஸில் 1631 முதல் அதற்குத் திருச்சபை அங்கத்துவமும் வேண்டியிருந்தது. ‘நெகட்டிவ் வொய்ஸ்’ என்பது தேசாதிபதியின் தடுப்பதிகாரம்.

திகதியும் காலை வாரும். 1752 வரை இங்கிலாந்தில் சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25. கனெக்டிகட்டின் அடிப்படை ஆணைகள் ஓரிடத்தில் 1638 ஜனவரி 14 என்றும் இன்னோரிடத்தில் 1639 என்றும் இருப்பது இதனால்தான். இரண்டும் ஒரே நாள். குறிப்பில் 1639 என்று எழுதி, பழைய கணக்கில் 1638 என்று ஓரத்தில் போட்டால் போதும்.

ஒரே ஒன்றைத்தான் அச்செடுக்க முடியும் என்றால் அந்தக் கனெக்டிகட் ஆவணத்தையே எடுங்கள். வின்ட்சர், ஹார்ட்போர்ட், வெதர்ஸ்பீல்ட் என்ற மூன்று ஊர்கள் செய்த ஏற்பாடு. மன்னரின் பெயரே அதில் இல்லை. வாக்களிக்கும் முறைகூட எழுதப்பட்டிருக்கிறது: நடுவர் (தேசாதிபதியோடு சேர்ந்து ஆளும் மாஜிஸ்திரேட்) பதவிக்கு ஒருவரின் பெயர் வாசிக்கப்படும்போது வேண்டுமென்பவர் எழுதிய தாளைக் கொடுக்க வேண்டும், வேண்டாமென்பவர் வெறுந்தாளை. ஒருவர் இரண்டு ஆண்டுக்கு ஒரு தடவைக்கு மேல் தேசாதிபதி ஆக முடியாது. அவரும் நடுவர்களும் சபையைக் கூட்ட மறுத்தால், வாக்காளர்கள் ஊர்க் கொன்ஸ்டபிள்மார் மூலம் தாங்களே கூட்டலாம். சபையின் பெரும்பான்மை இணங்காமல் அதைக் கலைக்கவும் முடியாது. இந்தக் கடைசி இரண்டையும் கோடிட்டு வாசிக்க வேண்டும், ஏனென்றால் மன்னரின் தேசாதிபதிகள் பிற்பாடு மற்றக் குடியேற்றங்களில் அடிக்கடி எடுத்த ஆயுதமே சபைக் கலைப்பு.

அதற்குப் பக்கத்தில் வேர்ஜீனியாவின் 1621 ஆணையை வையுங்கள். ஊருக்கு இரண்டு பிரதிநிதிகள் உண்டு. ஆனால் தேசாதிபதி தடுக்கலாம், லண்டன் கம்பனி உறுதிப்படுத்தாமல் எந்தச் சட்டமும் நிலைக்காது. பென்சில்வேனியாவுக்கு 1682, 1701 ஆகிய ஆண்டுகளின் ஆட்சி ஏற்பாடுகளை ஒப்பிட்டால் போதும்: முதலாவதில் 72 பேர் கொண்ட மேல்சபை சட்டத்தை முன்வைக்கும், கீழ்ச்சபை ஏற்கும் அல்லது தள்ளும், இரண்டாவதில் சட்டமியற்றும் பணி முழுவதும் ஒரே சபைக்கு.

பட்டயங்களை மட்டும் வாசித்தால் படம் பாதிதான். அடிமைகளும் பூர்வ குடிகளும் பெண்களும் இவற்றில் பேசுவதில்லை. தாய் அடிமையென்றால் பிள்ளையும் அடிமை என்று வேர்ஜீனியா 1662இல் இயற்றிய சட்டத்தையும் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். அதை இயற்றியதும் பிரதிநிதிகள் அமர்ந்த சபைதான்.